குறிலும் நெடிலும் ஸ்விங்கும்: சிங்கப்பூரில் தமிழ் ஜாஸ் பாடல் தொகுப்பு உருவாக்க முழுமையான வழிகாட்டி

தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடும் ஒருவர் சிங்கப்பூரில் தமிழ் ஜாஸ் தொகுப்பு ஒன்று கொண்டுவர நினைத்தால், வாசிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்ற பியானோக் கலைஞர் ஜெரமி மொன்டெய்ரோ போன்றவர்கள் பல ஆண்டுகளாக வளர்த்துவிட்ட ஜாஸ் வட்டம் இங்கே இருக்கிறது. ஸ்டுடியோக்களுக்கும் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஜாஸ் மெட்டு ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தை ஒட்டி வளர்ந்தது. தமிழ்ச் சொல்லை அதில் அப்படியே திணித்தால் "மலை" என்று எழுதியது "மாலை" என்று காதில் விழும். ஸ்டுடியோவில் எவ்வளவு விலையுயர்ந்த மைக் வைத்தாலும் இது சரியாகாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கணிசமான இடம் எழுதும் மேசைக்குப் போகிறது.

கீழே சொல்வதெல்லாம் ஓர் அளவை மனதில் வைத்து: 8 பாட்டு, சுமார் 35 நிமிடம், பாடகரோடு நான்கு வாத்தியக்காரர்கள், 2 நாள் ஒலிப்பதிவு, தொடக்கம் முதல் வெளியீடு வரை 6 மாதம்.

முதலில் நிமிடக் கணக்கு

ஜாஸ் பாட்டின் நீளம் கணக்கு போட்டால் வந்துவிடும். பழகிய வடிவம் 32 பார் (ஒரு பார் என்றால் நான்கு அடி): 8 பார் ஏ, அதே ஏ மறுபடி, 8 பார் பாலம் (மெட்டு மாறும் நடுப்பகுதி), மீண்டும் ஏ. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 32 பார் என்றால் 128 அடி, அதாவது 64 வினாடி. முன்னிசை 8 பார் (16 வினாடி), பாட்டு ஒருமுறை (64), சாக்ஸ் அல்லது பியானோ தனி (சோலோ) ஒரு சுற்று (64), பாலத்திலிருந்து கடைசிவரை மறுபடி பாட்டு (32), முடிப்பு கொஞ்சம். மூன்று நிமிடத்தில் பாட்டு முழுமையாகிவிடும்.

பேலட் என்னும் மெதுவான பாட்டில்தான் பலர் சறுக்குவது. வேகம் 60 என்றால் அதே 32 பார் 2 நிமிடம் 8 வினாடி எடுக்கும். முழுப் பாட்டு, முழுத் தனி, மறுபடி முழுப் பாட்டு என்று போனால் 6 நிமிடம் 24 வினாடி. கேட்பவர் நடுவில் கைப்பேசியை எடுத்துவிடுவார். பாட்டு ஒருமுறை, முதல் 16 பாருக்கு மட்டும் தனி, பாலத்திலிருந்து குரல் திரும்புவது என்று வைத்தால் 4 நிமிடம் 16 வினாடி. போதும்.

எட்டில் மூன்று நடுவேக ஸ்விங், இரண்டு பேலட், ஒரு பிரேசில் பாணி போசா நோவா, ஒரு 12 பார் புளூஸ், ஒன்று மூன்றடி வால்ட்ஸ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எட்டும் 110க்கும் 130க்கும் இடையில் கிடந்தால் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும் தொகுப்பு ஒரே பாட்டுபோல் ஓடும். வினைல் தட்டு போடும் எண்ணம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குமேல் போனால் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டிவரும். ஒலியளவும் பாஸின் கனமும் குறையும்.

சொல்லைத் தாளத்தில் உட்காரவைப்பது

ஸ்விங்கில் ஓர் அடியை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீளம், அடுத்த பாதி குட்டை. நடுவேகத்தில் இது ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. "தகிட" என்று சொல்லி, "தகி"யை ஒரே ஸ்வரமாகவும் "ட"வைத் தனி ஸ்வரமாகவும் பாடிப் பாருங்கள், அதுதான். வேகம் 200ஐத் தாண்டும்போது இரண்டு பாதியும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

தமிழ் யாப்பும் இதே மாதிரி நீளத்தைத்தான் எண்ணுகிறது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. ஆங்கிலப் பாடலாசிரியர் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது எந்த எழுத்து நீளத்தைத் தாங்கும் என்பதை. இந்தக் கோணத்தில் சொற்களைத் தட்டிப் பார்த்தால் நம் மொழியில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே ஸ்விங் ஆடிக்கொண்டிருப்பது தெரியும்.

"காற்று", "பாட்டு", "நேற்று", "வீடு": நெடிலும் குற்றியலுகரமும் சேர்ந்தவை. ஓர் அடிக்குள் நீளம், குட்டை என்று கச்சிதமாக அமரும். அடியின் தலையில் வையுங்கள்.

"நிலா", "கனா", "விழா": குறிலும் நெடிலும் சேர்ந்த நிரையசை. முந்தைய அடியின் குட்டைப் பாதியில் குறில், அடுத்த அடியின் தலையில் நெடில். பார் கோட்டைத் தாண்டிக் குதிக்கும் இடங்களுக்கு இவைபோல் பொருந்துவது வேறில்லை.

"மழை", "குடை", "மலை": இவையும் அப்படியே. இரண்டாம் எழுத்தை எவ்வளவு நீட்டினாலும் சொல் கெடாது, முதலெழுத்தை நீட்டினால் கெட்டது.

"பட்டு", "சிட்டு", "முத்தம்": வல்லின ஒற்று மூச்சை அடைத்துவிடும், நீட்டவே முடியாது. வெட்டிப் பாடும் ஸ்வரங்களுக்கு, டிரம்ஸ் அழுத்தம் கொடுக்கும் இடங்களுக்கு ஒதுக்குங்கள்.

"மின்னல்", "தென்றல்", "சங்கு": மெல்லினத்தில் குரலை நிறுத்தி ரீங்கரிக்கலாம். உயிரை நீட்டாமல் ஒற்றை நீட்டினால் குறில் குறிலாகவே இருக்கும், ஸ்வரமும் நீளும். ஜாஸ் பாட்டில் இது பெரிய வசதி.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: "நேற்றுப் பெய்த மழைக்கு". முதல் அடியில் "நேற்" நீளம், "றுப்" குட்டை. இரண்டாம் அடியில் "பெய்" நீளம், "த" குட்டை. மூன்றாம் அடியின் தலையில் மௌனம். அதன் குட்டைப் பாதியில் "ம", நான்காம் அடியில் "ழைக்", கடைசிக் குட்டையில் "கு". ஒரு பார் முடிந்தது, ஒரு சொல்லும் நெளியவில்லை.

நெளியும் இடம் எது? ஜாஸ் மெட்டில் அடுத்த பாரின் முதல் ஸ்வரம் அரை அடி முன்னதாகவே வந்து, அப்படியே கோட்டைத் தாண்டி நீளும். காகிதத்தில் அது குட்டைப் பாதியில் தொடங்கும். காதுக்கு நீண்ட ஸ்வரம். அங்கே குறில் மாட்டினால் "படம்" பாடமாகும், "விடு" வீடாகும், "கொடு" கோடாகும். மெட்டு எழுதியவுடன் இப்படி முந்தி நீளும் ஸ்வரங்கள் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டு, அங்கெல்லாம் நெடிலோ மெல்லின ஒற்றோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பிழை இதிலேயே பிடிபடும்.

வரியின் கடைசி ஸ்வரம் நீளமானதென்றால் குற்றியலுகரத்தில் முடிக்காதீர்கள். "காற்றூஊ" என்று இழுப்பது நாடகமேடைக்குப் போய்விடும். "காற்றே", "காற்றில்", "காற்றோ" என்று சொல்லின் ஈற்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வினைமுற்று. தமிழில் வாக்கியம் வினையில் முடிவதால், கவனிக்காமல் எழுதினால் ஒவ்வொரு வரியும் "கிறேன்", "கிறேன்" என்றே முடியும். இயைபு வந்துவிட்டதாகத் தோன்றும். மூன்றாவது வரியிலேயே சலிக்கும். எதுகையும் மோனையும் நம் கையில் இருக்கும்போது கடைசி எழுத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பெயர்ச்சொல்லில் முடித்து வினையை அடுத்த வரியின் தலைக்குத் தள்ளினால், குரல் அடியைவிடச் சற்றுப் பின்தங்கிப் பாடும் ஜாஸ் பாணிக்கும் அது ஒத்துவரும். பாட்டின் தலைப்புச் சொற்றொடரை ஏ பகுதியின் கடைசி வரியில் வைப்பது தமிழுக்கு இயல்பு.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்பதைப் பாட்டுக்குப் பாட்டு முடிவு செய்யலாம், ஒரே பாட்டுக்குள் கலக்கக் கூடாது. "பார்க்கிறேன்" நிதானமாக விரியும், "பாக்கறேன்" சொடுக்கில் முடியும், தாளமே மாறிவிடும். பேச்சுத்தமிழ் என்றால் "மரம்" என்பதன் கடைசி ம் மூக்கொலியாகக் கரையுமா, வாய் மூடி நிற்குமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு டேக்கில் (ஒருமுறை பாடிய பதிவில்) அப்படியும் இன்னொரு டேக்கில் இப்படியும் பாடிவிட்டால் பிறகு இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது.

சோதனை எளியது. தாளம் தட்டும் மெட்ரோனோமை 2ஆம், 4ஆம் அடியில் மட்டும் தட்டவிட்டு, மெட்டில்லாமல் தாளத்தில் வரிகளைப் பேசிக் கைப்பேசியில் பதியுங்கள். வரிகளைப் பார்த்திராத ஒருவரிடம், வீட்டுப் பெரியவராக இருந்தால் இன்னும் நல்லது, போட்டுக் காட்டிக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். தவறாக எழுதிய சொல் ஒவ்வொன்றும் திருத்த வேண்டிய சொல். "அவருக்குக் காது மந்தம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பாட்டெழுதுபவர்களின் நிரந்தர வியாதி.

கட்டையும் சுருதியும்: ஒரே எண்ணில் நிற்காதீர்கள்

கர்நாடக இசை பழகிய பாடகியிடம் சுருதி, அதாவது ச நிற்கும் உயரம், கேட்டால் "ஐந்தரைக் கட்டை" என்பார். பியானோக்காரர் அதை ஏ ஃபிளாட் என்று குறித்துக்கொண்டு எட்டுப் பாட்டையும் அதிலேயே எழுதிவிடுவார். இது தப்பு. கச்சேரியில் ச எங்கே என்பது நிலையானது. பாட்டுகள் அதைச் சுற்றி ஏறி இறங்கும். ஜாஸில் ஒவ்வொரு பாட்டின் கீழெல்லை, மேலெல்லை பார்த்துத்தான் ச வைக்க வேண்டும்.

கணக்கு இப்படி: ஒரு மெட்டு மந்திர (கீழ்) ப முதல் மேல் ரி வரை போகிறது என்றால், ஐந்தரைக் கட்டையில் அது கீழ் ஈ ஃபிளாட்டிலிருந்து பி ஃபிளாட் வரை. பேசுவதுபோல் பாட முடியும். இன்னொரு மெட்டு ச முதல் மேல் ம வரை போகிறது. அதே சுருதியில் உச்சம் டி ஃபிளாட். அங்கே குரல் கச்சேரித் தொனிக்குத் தாவும், மைக்கில் கிசுகிசுக்கும் நெருக்கம் போய்விடும். அதை நாலு கட்டைக்கு, அதாவது எஃப்புக்கு இறக்கினால் உச்சம் பி ஃபிளாட்டிலேயே நிற்கும். ஒரே பாடகி, இரண்டு பாட்டு, இரண்டு சுருதி.

ஆண் குரலுக்கும் இதே வழிதான். ஒரே ஒரு கூடுதல் கவனம்: எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் ஆகியவை சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் தோது. ஒன்றரைக் கட்டையில் அடம்பிடிக்காமல் அரைக் கட்டை ஏற்றவோ இறக்கவோ முடிந்தால் ஊதுபவர் உங்களை வாழ்த்துவார்.

ராகத்துக்கு அடியில் கார்டு

ஜாஸின் அடிப்படை நகர்வு மூன்று கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் மூன்று ஸ்வரக்கூட்டம்: சி சுருதியில் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. இவற்றுக்குப் பொருந்தும் ஸ்வரவரிசைகளை நம் பெயரில் சொன்னால் கரகரப்பிரியா, ஹரிகாம்போதி, சங்கராபரணம். மூன்றும் ஒரே ஏழு ஸ்வரம். சங்கராபரணத்தின் ரியை ச ஆக்கினால் கரகரப்பிரியா, பவை ச ஆக்கினால் ஹரிகாம்போதி. கிரக பேதம் தெரிந்த பாடகருக்கு இந்த நகர்வு புரிய ஐந்து நிமிடம் போதும். மைனர் பாட்டுக்கு கீரவாணி, கௌரிமனோகரி. ஏழாம் ஸ்வரம் இறங்கிய கார்டின்மேல் உயர்ந்த மத்தியமம் வேண்டுமென்றால் வாசஸ்பதி. ஜாஸ் பியானோக்காரர்கள் இவற்றை வேறு பெயரில் தினமும் வாசிக்கிறார்கள்.

உரசல் வருவது ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தில். கரகரப்பிரியா காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது குரல் ரிக்கும் மவுக்கும் இடையில் ஊஞ்சலாடும். பியானோ அதே காந்தாரத்தை ஆணி அடித்தாற்போல் பிடித்துக்கொண்டிருக்கும். கேட்பவருக்குப் பாடகர் சுருதி விலகியதுபோல் தோன்றும், அவர் விலகவே இல்லை. மூன்று தீர்வு உண்டு. கார்டு மாறும் கணத்தில் ஸ்வரத்தை நேராகப் பிடித்து, கார்டு நிலைத்தபின் அசைப்பது. அல்லது ஒரே கார்டு நான்கைந்து பார் நிற்கும் இடங்களை மெட்டிலேயே உருவாக்கி, கமகத்தை அங்கே வைப்பது. அல்லது குரல் அசையும் இடத்தில் பியானோ மூன்றாம் ஸ்வரத்தை விட்டுவிட்டு நான்காம் இடைவெளிகளில் கார்டை அடுக்குவது. மூன்றாவதுதான் அழகாக இருக்கும். ஆனால் சார்ட்டில், அதாவது வாத்தியக்காரரின் இசைத்தாளில், எழுதியிருந்தால் மட்டுமே நடக்கும்.

சார்ட்

வாத்தியக்காரர் கையில் போகும் தாள் ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. ஒரு வரிக்கு 4 பார். மேலே சுருதி, வேகம், தாள வகை. மெட்டு, அதன்மேல் கார்டு, அதன்கீழ் வரிகள். பகுதிகளுக்கு ஏ, பி என்று பெட்டி. முன்னிசை எத்தனை பார், யார் தனி வாசிக்கிறார், முடிப்பு எப்படி என்பதெல்லாம் எழுத்தில். டெனர் சாக்ஸுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றிய தனித் தாள், ஆல்டோவுக்கு ஆறாம் இடைவெளி ஏற்றிய தாள். அதை அவரே மனதுக்குள் மாற்றிக்கொள்வார் என்று விட்டால் ஒத்திகையில் அரைமணி போகும்.

இங்கே அமையும் குழுவில் தமிழ் தெரியாதவர்கள் பாதிக்குமேல் இருப்பார்கள். வரிகளை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஸ்வரத்துக்கு நேர் கீழே போடுங்கள். பக்கத்தின் அடியில் பாட்டின் பொருளை இரண்டு வரியில் எழுதுங்கள். பிரிவைப் பாடும் பாட்டென்று தெரிந்தால்தான் டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பார்.

மிருதங்கம் சேர்க்க ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அது சுருதி சேர்த்த வாத்தியம். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும் தொகுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மிருதங்கம் போதாது. மிருதங்கம் வரும் இரண்டு மூன்று பாட்டுகளை ஒரே சுருதியில் அமைத்து, ஒரே நாளில் பதிந்துவிடுங்கள்.

ஒத்திகை

ஜாமிங் ஸ்டுடியோவில் 3 மணி நேரம் வீதம் மூன்று முறை. முதல் இரண்டில் நான்கு நான்கு பாட்டு, மூன்றாவதில் எட்டும் நிற்காமல். ஒத்திகைக்கும் காசு கொடுங்கள், தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். செலவைப் பங்கிடும்போது வாத்தியக்காரர்களுக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்குவது எங்கள் பரிந்துரை. அட்டைப்படத்தில் மிச்சம் பிடிக்கலாம், பாஸ் வாசிப்பவரிடம் பிடிக்கக் கூடாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் சிறிய இடம் ஒன்றில் எட்டுப் பாட்டையும் மேடையில் பாடிவிட முடிந்தால், எந்த முடிப்பு வேலை செய்யவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவு நாள்

குழு ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க, பாடகர் கண்ணாடிக்கு அப்பால் தனி அறையில் நின்று அவர்களோடு சேர்ந்தே பாடுவதுதான் இந்த இசைக்கு ஏற்றது. முதலில் வாத்தியம், பிறகு தனியாகக் குரல் என்று அடுக்கினால் சுத்தமாக இருக்கும். ஆனால் பாடகர் ஒரு சொல்லைத் தாமதித்தபோது பியானோ காத்திருந்து பதில் சொல்லும் அந்த விளையாட்டு கிடைக்காது. தனி அறை இருப்பதால் தவறிய ஒரு சொல்லைப் பிறகு மாற்றவும் முடியும்.

பியானோவை அன்று காலையில் சுருதி சேர்க்க வேண்டும், ஏ 440. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் குளிர்சாதனத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டால் பியானோ மதியத்துக்குள் இளகிவிடும். டபுள் பாஸின் ஒட்டும் விட்டுப்போகலாம். பதிவு தொடங்க இரண்டு மணி நேரம் முன்பே குளிரூட்டி, பிறகு நாள் முழுதும் அதே அளவில் விடுங்கள். விசிறிச் சத்தம் குரல் மைக்கில் விழுகிறதா என்று முன்னதாகவே 30 வினாடி வெற்று அறையைப் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். அந்த வெற்றுப் பதிவு பிறகு வெட்டுகளை மறைக்கவும் உதவும்.

குரலுக்கு அகன்ற தகட்டுக் கண்டென்சர் அல்லது ரிப்பன் மைக். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் 10 சென்டிமீட்டரில் காற்றுத் தடுப்பு. ப, பெ, போ என்று தொடங்கும் வரிகளில் மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் சற்றுச் சாய்த்தால் வெடிப்பு குறையும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதுமானது. சராசரி அளவு மைனஸ் 18 டெசிபல், உச்சம் மைனஸ் 10ஐத் தாண்டாமல் இருக்கட்டும். 24 பிட்டில் இதற்குமேல் ஏற்றுவதால் ஓர் ஆதாயமும் இல்லை, ஓர் உரத்த சொல்லில் பிளந்துபோகும் ஆபத்து மட்டுமே உண்டு.

டபுள் பாஸுக்கு மைக் ஒன்று, பிக்அப் கம்பி ஒன்று என்று இரண்டு தடம் எடுப்பார்கள். மைக் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி சுமார் 0.9 மில்லிவினாடி பிந்தி வரும். இரண்டையும் அப்படியே கலந்தால் சில ஸ்வரங்கள் மெலிந்து பஞ்சாகக் கேட்கும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 42 சாம்பிள். மைக் தடத்தை அவ்வளவு முன்னால் இழுத்து, கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிப் பார்த்து, எதில் அடி கனக்கிறதோ அதில் நிறுத்துங்கள்.

8 மணி நேர நாளில் 2 மணி நேரம் அமைப்புக்கும் ஒலிச் சோதனைக்கும் போகும். மீதியில் நான்கு பாட்டு, பாட்டுக்கு 75 நிமிடம், நடுவில் சாப்பாடு. முதலில் எல்லாருக்கும் எளிதான நடுவேகப் பாட்டு. காது பழகியதும் கடினமானது. நாள் முடிவில் பேலட், அப்போது குரல் கொஞ்சம் கனத்து இறங்கியிருக்கும், அது பேலட்டுக்கு நல்லது. சத்தமாகப் பாட வேண்டியதைக் கடைசியில் வைத்தால் மறுநாள் குரலே இருக்காது. மதியம் தேக்காவிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வரவழைப்பது குழுவின் உற்சாகத்துக்கு நல்லதுதான். பாடுபவர் மட்டும் அதையும் தே தாரிக் என்னும் இழுத்த பால் தேநீரையும் மாலைக்குத் தள்ளிவைக்கட்டும். நிறைந்த வயிறு மூச்சைப் பாதியில் நிறுத்தும். அறை வெப்பத்தில் தண்ணீர், அவ்வளவே.

ஒரு பாட்டுக்கு மூன்று டேக், மிஞ்சினால் நான்கு. ஐந்தாவதில் பிழை குறையும், உயிரும் குறையும். ஹெட்போனில் கிளிக் (தாளத் தட்டொலி) போடாமல் வாசிப்பதால் ஒவ்வொரு டேக்கும் தொடங்கும் முன் வேகத்தை மெட்ரோனோமில் கேட்டுவிட்டு எண்ணுங்கள். இரண்டு டேக்குகளின் வேகம் 2 அடிக்குமேல் விலகினால் ஒன்றோடொன்று ஒட்டாது. கடைசி சிம்பல் அடங்கும்வரை, முழு 8 வினாடி, யாரும் மூச்சுவிடக் கூடாது. "சூப்பர்!" என்று கத்தி நல்ல முடிப்பைக் கெடுப்பவர் பெரும்பாலும் கட்டுப்பாட்டறை விருந்தாளி, விருந்தாளி வேண்டாம்.

விட்டுப்போன வரிகளை வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கால அட்டவணையைப் படிக்க வேண்டும். விடியலில் ஆண் குயில் கூவத் தொடங்கும், பிறகு புல்வெட்டும் இயந்திரம், எதிர்வீட்டுச் சீரமைப்பு, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரின் ஹாரன். குயில் கத்தும்போது குயிலாகப் பாட முடியாது. மாதிரிப் பதிவுக்கு மட்டும் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கலவையும் மாஸ்டரிங்கும்

கலவை செய்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஒரு தாளில் மூன்று குறிப்பு எழுதிக் கொடுங்கள். கமகம் உள்ள வரிகள் எவை; அங்கே சுருதித் திருத்த மென்பொருளைத் தானியங்கியாக ஓடவிட்டால் அசைவைப் படிக்கட்டாக வெட்டிவிடும். திருத்தம் தேவைப்பட்டால் தனித்தனி ஸ்வரத்தில், கையால். இரண்டாவது, மூச்சொலிகளை வெட்டாமல் 3 முதல் 6 டெசிபல் மட்டும் தணிக்க வேண்டும். மூன்றாவது, சகர ஒலிகள். தமிழில் ச, ஸ அடுத்தடுத்து வரும் வரிகளில் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை கூசும். அதைக் குறைக்கும் கருவி அளவு மீறினால் "சாலை" ஷாலையாகக் குழறும்.

மற்றவை வழக்கமானவை. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு, அமுக்கம் (கம்ப்ரெஷன்) 2க்கு 1 முதல் 3க்கு 1 வரை, 3 முதல் 6 டெசிபல் குறைப்பு, எதிரொலி 1.2 முதல் 1.8 வினாடி, அதற்கு முன் 20 முதல் 40 மில்லிவினாடி இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால்தான் சொல்லின் மெய்யெழுத்து முதலில் காதில் விழும். இறுதி ஒலியளவு மைனஸ் 14க்கும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்கும் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவை) இடையில், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14ஐ ஒட்டியும் ஆப்பிள் மைனஸ் 16ஐ ஒட்டியும் எல்லாப் பாட்டையும் சமப்படுத்துகின்றன. சினிமாப் பாட்டளவு உரப்பாக அமுக்கிக் கொடுத்தால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். பிரஷ்ஷின் உரசல் அழிந்ததுதான் மிச்சம்.

உரிமையும் வெளியீடும்

பதிவுக்கு முன்பே ஒரு பக்கத் தாளில் வரி, மெட்டு, இசையமைப்பு யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, படைத்தவுடன் வந்துவிடும். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டம், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவுக்கும் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படைத்தவருக்கே என்கிறது. "நான்தானே பணம் கொடுத்தேன்" என்பது போதாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாசித்தவர்கள் பெயரைக் குறிப்பிடுவதும் இப்போது சட்டப்படியான உரிமை.

பழைய கவிதைக்கு ஜாஸ் மெட்டுப் போடுவதென்றால் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பாரதியார் 1921இல் மறைந்தார், தடையில்லை. சங்கப் பாடல்களுக்கும் தடையில்லை. ஆனால் பாரதி வரிக்கு வேறொருவர் போட்ட மெட்டு அவருடையது. கண்ணதாசன் மறைந்தது 1981இல், அனுமதி வேண்டும். ஆங்கில ஜாஸ் பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாடுவது மேலும் கவனம் கேட்கும்: மொழிபெயர்ப்புக்கே பதிப்பாளரின் தனி அனுமதி தேவை.

இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான காம்பாஸில் சேர்ந்து, வெளியீட்டுக்கு முன்பே எட்டுப் பாட்டையும் பதிந்துவிடுங்கள். வானொலியில் ஒலித்தபின் பதிந்தால் விட்டதைப் பிடிக்க அலைய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 குறியீடுகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் உண்டு, விநியோக நிறுவனமே கொடுக்கும். நிதியுதவிக்குத் தேசியக் கலைகள் மன்றத்தை அணுகுவதென்றால் பதிவு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். குறுவட்டோ வினைலோ அச்சிட்டால் 4 வாரத்துக்குள் இரண்டு பிரதியைத் தேசிய நூலக வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாத்தியக்காரர் வந்தால் அவரது வேலை அனுமதி பற்றி மனிதவள அமைச்சின் விதிகளைப் பயணச்சீட்டு வாங்கும் முன் பாருங்கள்.

இணையத்தில் ஏற்றும்போது பாட்டின் தலைப்பைத் தமிழ் எழுத்திலா ஆங்கில எழுத்திலா என்பதை எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக முடிவு செய்து, மொழி என்னும் கட்டத்தில் தமிழைத் தேர்வு செய்யுங்கள். ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டால் மூன்று தனிப் பக்கம் உருவாகும், கேட்பவர் எண்ணிக்கையும் சிதறும். நான்கு வாரம் முன்னதாக ஏற்றினால் நிதானமாக இருக்கலாம். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும்.

ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது பாட்டோடு இரண்டு வரி விளக்கமும், தனி இசையைக் குறைத்த மூன்று நிமிட வடிவமும் கொடுங்கள். ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழா, எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உற்சவம் ஆகியவற்றை மனதில் வைத்து வெளியீட்டு நாளைக் குறிப்பவர்கள் அதற்குப் பல மாதம் முன்பே தொகுப்பாளர்களிடம் பாட்டுகளைக் கொடுத்திருக்க வேண்டும்.

கலவை முடியும் நாளிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு கோப்பு கேட்டு வாங்குங்கள்: முழுப் பாட்டு, குரலில்லாத மைனஸ் ஒன், குரல் மட்டும், எல்லாத் தடங்களும் பூஜ்ய வினாடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்புகள். இரண்டு வன்தட்டுகளில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வெளியீட்டு விழாவுக்கு முதல்நாள் சாக்ஸ் வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், அவருடைய தடம் அந்தத் தட்டில்தான் இருக்கும்.